கதைக்குள் கருத்தை வைத்த சித்திலெப்பை

குற்றமும் துப்பும் நிறைந்த தொலைக்காட்சித் தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. கள்வனைப் பிடிக்கும் கதையோடு சமூகச் சீர்திருத்தத்தையும் அரசியலையும் அவை ஊட்டிவிடுகின்றன. கல்முனையிலும் கோமாரியிலும் அவற்றைக் காணும் நம் மாணவர் இதனைப் புதுமை என்று எண்ணலாம். 1885ஆம் ஆண்டிலேயே இவ்வழியைக் கையாண்டவர் அறிஞர் மு.கா. சித்திலெப்பை.

1838இல் கண்டியிலே பிறந்த அவர், தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். வருவாயும் மதிப்பும் குறைவின்றி இருந்தன. ஆயினும் அவர் உள்ளத்தை உறுத்திய வழக்கு நீதிமன்றத்தில் இல்லை. அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளிற் பெரும்பாலானவை கிறித்தவ சபைகளின் கையில் இருந்தன. பிள்ளைகள் மதம் மாறிவிடுவரோ என அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் அவர்களை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர். அச்சத்திற்கு நியாயம் இருந்தது, விளைவோ அறியாமை. இதனை மாற்றவே 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் அறபி பாஷா இலங்கை வந்தபோது, சித்திலெப்பைக்கு உற்ற துணை கிடைத்தது.

தலையங்கம் எல்லோரையும் எட்டுவதில்லை. கதை எட்டும். ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படுவது. எகிப்தில் களவாடப்பட்ட குழந்தையொன்று பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, இறுதியில் தாயகம் திரும்பிப் பெற்றோரையும் ‘பே’ என்னும் பட்டத்தையும் அடைகிறது. பிள்ளைத் திருட்டு, வஞ்சகம், மறைந்த பிறப்பு என இக்காலத் தொடர்க்காரர் தேடும் சரக்கு யாவும் இதில் உண்டு. தற்செயல் நிகழ்ச்சிகள் மலிந்துள்ளன. அசனோ குறையே இல்லாத நாயகன். கலைநோக்கில் இவை குறைகளே. எனினும் கல்வியும் ஒழுக்கமும் கொண்ட முஸ்லிம் இளைஞன் உலகில் எங்கும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பதைத் தமிழ் வாசகர் நாயகனாகவே கண்டனர். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

எழுத்தோடு அவர் அமையவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்கார் முதலியோருடன் சேர்ந்து கொழும்பு மருதானையிலே பள்ளிக்கூடம் நிறுவினார். பெண்கல்விக்கும் பாடுபட்டார், அதற்கு எதிர்ப்புக் குறைவாயிருக்கவில்லை. 1898இல், அறுபது நிரம்பு முன்னரே மறைந்தார். மருதானைப் பள்ளி பின்னர் ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று. அப்பெயரையே நம் கல்முனைக் கல்லூரியும் தாங்கி நிற்கிறது.