ரம்ஃபோர்டு பிரபு

ரம்ஃபோர்டு பிரபு என அறியப்படும் பெஞ்சமின் தாம்சன் (மார்ச் 26, 1753 – ஆகஸ்ட் 21, 1814) அமெரிக்காவில் பிறந்த இயற்பியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காகப் புகழ்பெற்ற இவர், வீட்டு அடுப்பையும் காப்பிக் கலத்தையும் அறிவியல் முறையில் சீரமைத்தார்.

வாழ்க்கை

இவர் மாசச்சூசெட்சின் வோபர்ன் என்னும் ஊரில் பிறந்தார். 1772 இல் செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானியர் பக்கம் நின்று, அவர்களுக்கு இரகசியத் தகவல்களை அனுப்பினார். 1776 இல் மனைவியையும் சிறு குழந்தையான மகளையும் விட்டு இலண்டன் சென்றார். அதன்பின் அம்மனைவியைக் காணவேயில்லை.

பின்னர் பவேரிய அரசில் பணியாற்றினார். 1790 இல் மியூனிக் நகரின் இரவலர்களுக்குத் தொழிலகம் அமைத்து, பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியவற்றால் ஆன மலிவான சூப்பை வழங்கினார். குறைந்த விறகில் பலருக்குச் சமைக்கவேண்டிய தேவை, அடுப்புகளைப் பற்றிய இவரது ஆய்வுகளுக்குத் துணைநின்றது. பிரபு பட்டம் பெற்றபோது, தாம் மணம்புரிந்த கான்கார்டு நகரின் பழைய பெயரான ரம்ஃபோர்டு என்பதைச் சூடிக்கொண்டார்.

வெப்ப ஆய்வு

வெப்பம் என்பது கலோரிக் என்னும் பாய்பொருள் என்று அக்காலத்தில் பலர் கருதினர். மழுங்கிய துளைக்கருவியால் பீரங்கிக் குழலைக் குடைந்தபோது, சுற்றியிருந்த நீர் சுமார் இரண்டரை மணிநேரத்தில் கொதித்ததை இவர் காட்டினார். உராய்வு தொடரும்வரை வெப்பமும் குறையாது தோன்றியதால், அது பொருளன்று, ஒருவகை இயக்கமே என 1798 இல் வாதிட்டார். கலோரிக் கொள்கையை வளர்த்த இலவாசியேவின் மனைவியையே பின்னாளில் இவர் மறுமணம் செய்தார். அம்மணவாழ்வு 1809 இல் பிரிவில் முடிந்தது.

காப்பிக் கலம்

1812 இல் காப்பி தயாரிக்கும் முறை பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். காப்பித்தூளைக் கொதிக்கவைத்தால் நறுமணம் ஆவியாகிவிடும் என்பதும், நீரின் வெப்பநிலை சீராக இருக்கவேண்டும் என்பதும் இவரது முடிவுகள். வடிகலம் பாரிசில் முன்பே புழக்கத்தில் இருந்தது. இவர் அதன் குறைகளைக் களைந்தார். துளைகளுள்ள தட்டின்மீது தூளைப் பரப்பி, தண்டு பொருத்திய மற்றொரு துளைத்தட்டால் மெல்ல அழுத்தவேண்டும். இதனால் சுடுநீர் எங்கும் ஒரே அளவில் ஊடுருவும், தூளும் கலங்காது. வடிந்த காப்பி ஆறாதிருக்கக் கலத்தைச் சுற்றி வெந்நீர் உறை அமைந்தது. ஏழைகளும் வீட்டில் நல்ல காப்பி அருந்தவேண்டும் என்று விரும்பிய இவர், தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறவில்லை.

இறுதிக் காலம்

இவர் பாரிசை அடுத்த ஓட்டெய் என்னுமிடத்தில் காலமானார். 1799 இல் இலண்டனில் நிறுவப்பட்ட ராயல் இன்ஸ்டிடியூஷன் உருவாக முதன்மைக் காரணராக இருந்தவர்களுள் இவரும் ஒருவர். இவரது நிதிக்கொடையால் ஏற்பட்ட ரம்ஃபோர்டு பதக்கமும் இவர் பெயரை நிலைநிறுத்துகிறது.