நாவலர் பெருமானும் வீட்டுக் கல்வியும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவக ஊர்களிலே கற்பிக்குஞ் சைவாசிரியர்கள், கார்த்திகை மாதத்துக் குருபூசைத் தினத்திலே, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுடைய சரித்திரத்தை மாணாக்கருக்கு எடுத்துச் சொல்லி வருகின்றனர். அவர் வித்தியாசாலை தாபித்ததும், அச்சியந்திரம் நிறுவியதும், பிரசங்கஞ் செய்ததும் யாவரும் அறிந்தன. ஆயினும், பிள்ளையை அந்நிய சமயத்தார் பாடசாலைக்கு அனுப்புவதா, வீட்டிலே நிறுத்திக்கொள்வதா என்று மயங்கிய சைவக் குடும்பங்களுக்கு அச்சரித்திரம் தந்த விடை யாது என்று ஆராய்வார் சிலரே. அதனையே யாம் இங்கே ஆராயப் புகுகின்றோம்.

இம்மயக்கம் நாவலர் காலத்திலே தோன்றியதன்று. 1658ஆம் ஆண்டு தொடங்கி யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், ஊர்களைக் கோயிற்பற்றுக்களாக வகுத்துப் பள்ளிகளை அமைத்தனர். பிள்ளைகள் அங்கே செல்லல் வேண்டும். செல்லாதொழியின் பெற்றோர் தண்டம் இறுத்தல் வேண்டும். கடல் சூழ்ந்த தீவுகளும் இதற்கு விலக்கல்ல. பகலிலே ஞானோபதேச வினாவிடையை ஒப்புவித்த பிள்ளை, இரவிலே வீட்டின் உள்ளறையிலே விபூதி தரித்துப் பஞ்சாட்சரம் ஓதியது. வெளியே பெயர் மாறியும் உள்ளே சமயம் மாறாது நின்றமைக்கு வீடே மறைவான பாடசாலையாய் இருந்தமை காரணம் என்க.

1796ஆம் ஆண்டின் பின் ஆங்கிலேயர் ஆட்சியிலே அவ்வற்புறுத்தல் ஒழிந்தது. ஆனால் 1814ஆம் ஆண்டு வெஸ்லியன் மிஷனாரும், 1816ஆம் ஆண்டு அமெரிக்கன் மிஷனாரும் வந்தனர். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்தது. நாளடைவிலே மிஷன் பள்ளிகள் தீவுகளையும் எட்டின. இப்பொழுது தண்டமில்லை, தண்டத்திலும் வலிய ஆசையிருந்தது. ஆங்கிலங் கற்றவனுக்கு உத்தியோகம் உண்டு. ஆகவே குடும்பங்கள் மூவகைப்பட்டன. சிலர் பிள்ளையை அனுப்பிச் சமயத்தையும் விட்டனர். சிலர் பகலிலே அனுப்பி, மாலையிலே ஸ்நானஞ் செய்வித்து விபூதி பூசிக் காத்தனர். சிலர் சமயம் கெடுமென்று அஞ்சி அனுப்பாது நிறுத்தினர். இம்மூன்றாம் வகையாருட் கல்வியுடைய வீட்டார் தாமே கற்பித்தனர். மற்றையோர் வீட்டுப் பிள்ளைகள் வயலிலும் பனந்தோப்பிலும் கடலிலும் நாட்கழித்தனர்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் புதல்வராய்ப் பிறந்தார். தந்தையார் தமிழறிந்தவர், நாடகங்கள் செய்தவர். வீட்டிலே ஏடும் எழுத்தாணியும் இருந்தன. நூல் படித்தலும் பொருள் சொல்லுதலும் நிகழ்ந்தன. தந்தையார் இறக்கும்போது நாவலருக்கு வயது ஒன்பது. அவர் எழுதி முடியாது விட்ட நாடகத்தை அப்பாலரே முடித்தார் என்று சரித்திரகாரர் கூறுவர். திண்ணைப் பள்ளியிலே சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்தும், பின்னர்ச் சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகியோரிடத்தும் கற்றார். இவ்வாறு வீடும் திண்ணையும் அவருக்கு அடிப்படை இட்டன.

அதன்பின்னரே அவர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்கச் சென்றார். இருபது வயது நிரம்புமுன் அங்கேயே ஆசிரியருமாயினார். பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிலே மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவரும் இவரே. அந்நூலை எழுத்தெழுத்தாக ஆராய்ந்தும் நாவலர் சமயம் மாறிற்றிலர். அவரைக் காத்தது பாடசாலைக்குச் செல்லாமை அன்று. செல்லுமுன் பெற்ற கல்வியாம். இதனை ஆசிரிய அன்பர்கள் ஊன்றி நோக்குக.

மிஷன் பாடசாலையிலே கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டிலே அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிஷன் உத்தியோகத்தையும் விட்டார். மாணாக்கரிடத்து வேதனம் பெறாது கல்வி கற்பிக்கப்பட்டது. இல்வாழ்க்கையையும் அவர் மேற்கொண்டிலர். தமக்கென ஒரு குடும்பம் இல்லாத அவரே பிறர் குடும்பங்களின் கவலையைத் தம் கவலையாகக் கொண்டார்.

பிள்ளைகளை வீட்டிலே பூட்டி வையுங்கள் என்னும் வழியை அவர் கொள்ளவில்லை. கற்ற தந்தை உள்ள வீடு தன் பிள்ளைக்குத் தானே பள்ளியாகும். எழுத்தறியாத தந்தையின் வீடு, சமயப்பற்று எத்துணை மிக்கதாயினும், பள்ளியாகுமோ? பயிற்றுவார் இன்றி நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு எழுத்தும் இல்லையாம். சமயத்தின் பொருளும் தெரியாதாம். ஆகவே நல்ல சைவ வீட்டிலே கிடைப்பதைப் பாடசாலையிலே வைத்தார். விபூதி தரித்தல், கடவுள் வணக்கம், நீதிநூல், கணக்கு, இலக்கணம் என்பன ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன. வகுப்பு முறையையும் நேர ஒழுங்கையும் அச்சிட்ட பாடநூலையும் மிஷனாரிடத்துக் கண்டு, சைவத்துக்கு ஆக்கிக்கொண்டார்.

பாடசாலை இல்லாத ஊர்களுக்கு யாது செய்வது? தோணியேறிக் கடல் கடந்து நாடோறும் வண்ணார்பண்ணைக்கு வருதல் நெடுந்தீவுப் பிள்ளைக்கு இயலுமோ? அதற்கு அவர் கண்ட உபாயம் புத்தகம். திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலர் பட்டம் பெற்ற 1849ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து அச்சியந்திரமும் கொணர்ந்தார். பாலபாடங்கள் 1850ஆம் ஆண்டு முதலாக வெளிவந்தன. எழுத்திலே தொடங்கிச் சிறு வாக்கியங்களுக்கும், பின்னர்க் கடவுள், விபூதி, கொல்லாமை முதலிய பொருள்களுக்கும் அவை பிள்ளையைப் படிப்படியாய் அழைத்துச் செல்லும். பாதிரிமார் கையாண்ட வினாவிடை முறையினாலேயே சைவ வினாவிடை இயற்றப்பட்டது. 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணம் வசனமாயிற்று. செய்யுள் அறியாதவரும், எழுத்துக் கூட்டி வாசிக்குந் தாயாரும் விளக்கடியிலே இருந்து படிக்கத்தக்க நடை அது. புலமை இல்லாத வீட்டுக்கும் அதனாற் புத்தகவாயிலாக ஓர் உபாத்தியாயர் கிடைத்தார்.

அவருக்கும் தோல்வி உண்டு. விபூதி தரித்து வந்த சைவ மாணாக்கர் மிஷன் பாடசாலையினின்றும் விலக்கப்பட்டமை கண்டு, 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவ ஆங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார் என்பர். நான்கு ஆண்டுகளிலே பொருளின்மையால் அது மூடப்பட்டது. பிள்ளையின் சமயத்துக்காக மனம் வருந்தினோர் அனேகர். அதற்காகக் கைப்பொருள் கொடுத்தோர் சிலர். அஞ்சுகின்ற பத்தி ஒன்று, வழங்குகின்ற பத்தி ஒன்று. பாடசாலையை நடத்துவது பின்னையதே.

உண்மையை மறைத்து எழுதுதல் ஆசிரியர்க்கு அழகன்று. நாவலரவர்கள் சாதி வேறுபாட்டைக் காத்தவர். அக்காலத்துத் திண்ணைகளும் சைவ வித்தியாசாலைகளும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை. அப்பிள்ளைகள் மிஷன் பள்ளியை நாடியதற்கு அவர்களைக் குறைகூற எமக்கு யாது உரிமை? கதவைச் சாத்தினவர் யாமேயன்றோ? பெண்பிள்ளைகளின் நிலையும் அத்தகையதே. உடுவிலிலே அமெரிக்கன் மிஷனார் 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினர். சைவ மகளிர்க்கென மருதனார்மடத்திலே சேர். பொன். இராமநாதன் கல்லூரி தாபித்தது 1913ஆம் ஆண்டிலே. இடைப்பட்ட ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகளிலே சமயத்தின் பெயரால் வீட்டிலே இருத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! தீவகத்திலே அவர்கள் அறிந்த கல்வி, தாயார் வாய்ச்சொல்லும் கோயிலிலே கேட்ட புராண படனமுமே.

நாவலரவர்கள் 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் திகதி சிவபதமடைந்தார். அவர் இட்ட வித்து அதன்பின் முளைத்தது. 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபையும், 1890ஆம் ஆண்டிலே இந்துக் கல்லூரியும், 1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தோன்றின. அச்சங்கத்தின் முயற்சியினாற் சிற்றூர்களிலும் சைவப் பள்ளிகள் எழுந்தன; பிள்ளையை நிறுத்துவதற்குச் சமயம் ஒரு காரணமாய் இருந்த நிலை தளர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் உதவிபெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலன அரசாங்கத்தின் வசமாயின. இன்று பிள்ளை தன் சமயத்தைப் பாடசாலையிலேயே ஒரு பாடமாகக் கற்கின்றது. பதினாறு வயதுவரை பள்ளி செல்லலும் சட்டத்தாற் கடனாயிற்று.

யாமும் மிஷன் பாடசாலையிலே கற்றேம். அங்கே பெற்ற கல்விக்கு நன்றியுடையேம். பள்ளியிலிருந்து திரும்பியதும் கிணற்றடியிலே எமக்கு நீர் வார்த்து, விபூதி சாத்தி, தேவாரம் ஒன்றை அடிதோறுஞ் சொல்லித் தந்தவர் எமது பாட்டியார். அவருக்குக் கையொப்பம் இடத் தெரியாது. அவர் அரைமணி நேரங் கற்பித்தது, யாம் பெற்ற பத்திரங்கள் அனைத்தினும் எம்மிடத்து நிலைபெற்றிருக்கின்றது.

அன்பர்களே, தண்டம் விதிப்பாரும் மதம் மாற்றுவாரும் இன்றிப் பாடசாலையிலே சைவங் கற்பிக்கப்படும் இக்காலத்திலே, வீடு மௌனமாயிற்று. சமயபாடம் பரீட்சைப் புள்ளிக்காயிற்று. விசயதசமியிலே ஏடு தொடக்குவித்த பெற்றோர், மறுநாள் முதல் யாவற்றையும் எம்மிடத்தும் தனியார் வகுப்பாரிடத்தும் ஒப்புவித்துவிடுகின்றனர். ஒல்லாந்தரால் அணைக்க முடியாத வீட்டு விளக்கு எமது அசட்டையால் அணையலாகுமோ? ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று, சாதியும் தரமும் பாராது, பாலபாடத்தில் ஒரு பக்கத்தை விளக்கு வைக்கும் வேளையிலே தாயும் தந்தையும் பிள்ளையோடு இருந்து வாசிக்கும்படி வேண்டிக்கொள்வாராக. வாசிக்க அறியாத பெற்றோர் பிள்ளை வாசிக்கக் கேட்டாலும் போதும். பாடசாலையும் வீடும் ஒன்றையொன்று நிரப்புதலே நாவலர் பெருமானுடைய சரித்திரம் எமக்கு இட்ட பணியாம்.

திருச்சிற்றம்பலம்.