இராமநாதனும் நாமும்: ஒரு பழைய கணக்கு

சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைச் சொன்னால் எமது சமூகத்தில் வரலாறு வாசித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். சோனகருக்குத் தனி இனம் என்ற தகுதி இல்லை என்று வாதிட்டவர் என்றே எனது வாப்பா அவரை எனக்கு அறிமுகப்படுத்தினார். அந்த அறிமுகம் பிழையல்ல. ஆனால் ஒரு மனிதரின் முழுக்கணக்கும் அதற்குள் அடங்கிவிடாது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

1851இல் கொழும்பில் பிறந்தவர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டசபையில் தமிழ் உறுப்பினராக இருந்தார். அவர் காலமானதும் 1879இல் அந்த ஆசனம் மருமகனுக்கு வந்தது. வயது 28. அன்று முஸ்லிம்களுக்கென்று தனி ஆசனம் கிடையாது. தமிழ் உறுப்பினரே எம்மையும் பிரதிநிதித்துவம் செய்கிறார் என்பது ஆங்கிலேயரின் கணக்கு.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்த காலத்தில், 1888இல், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் மார்க்கத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர்கள் என்பதே அதன் சாரம். மொழி, பழக்கவழக்கம், உடல் தோற்றம் என்று ஆதாரங்களை அடுக்கினார். எமது முன்னோர் அதை ஆராய்ச்சியாகப் பார்க்கவில்லை. வரவிருந்த ஆசனத்துக்குப் போட்ட தடையாகவே பார்த்தார்கள். தடை பலிக்கவில்லை. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் கட்டுரைக்கு ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுப்பு எழுதினார். அஸீஸின் பக்கம் நின்றே நான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அதே இராமநாதன்தான் அதே சபையில் சாதாரண மக்களுக்கு ஒரு சேமிப்பு வங்கி வேண்டும் என்று பேசினார். 1885இல் தபாலகச் சேமிப்பு வங்கி வந்தது. எமது உம்மாமார் கையில் சிறு புத்தகத்தோடு தபால் கந்தோருக்குப் போன வழக்கத்தின் தொடக்கம் அது. அதே ஆண்டு வெசாக் தினம் பொது விடுமுறையாவதற்கும் அவர் துணை நின்றார். அவரோ பழுத்த சைவர். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லில் கட்டியெழுப்பியவர். உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அவர் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. 1892இல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். 1906இல் ஓய்வு பெற்றார். 1911இல் படித்த இலங்கையருக்கென்று உருவாக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்துக்குப் போட்டியிட்டு வென்றார். 3,000 பேர்கூட இல்லாத வாக்காளர் தொகுதி அது. சிங்களவர் பலர் அவருக்கு வாக்களித்தார்கள். எதிர்த்து நின்ற சிங்கள வேட்பாளரின் சாதியும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

இனி 1915. எமது நெஞ்சில் இன்னும் ஆறாத இடம் இது.

மே 28 இரவு கண்டியில் தொடங்கிய கலகம் சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. எமது ஆட்கள் கொல்லப்பட்டார்கள். பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சில நாட்களிலேயே கலகம் ஓய்ந்துவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் இறுதி வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்கள் அவசர அவசரமாக விசாரித்துத் தண்டனை வழங்கின. மேன்முறையீடு கிடையாது. ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞர் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

இராமநாதன் சட்டசபையில் எழுந்து இதை எதிர்த்தார். விசாரணையில்லாத கொலைகளையும், கலகம் அடங்கிய பின்னரும் தொடர்ந்த இராணுவ ஆட்சியையும் ஒவ்வொரு சம்பவமாக எடுத்துக் கேள்விக்குட்படுத்தினார். அடுத்த வருடம் அதையே ஒரு புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். சால்மர்ஸ் இலங்கையை விட்டுப் போனதில் இந்தக் கிளர்ச்சிக்கும் பங்குண்டு.

எங்களுக்கு வலிப்பது என்னவென்றால், கடை எரிந்தவனுக்காக அந்தக் குரல் அதே வேகத்தில் ஒலிக்கவில்லை. கலகத்தின் பழியில் பெரும்பங்கைக் கரையோரச் சோனகர் மீதும் அரசாங்கத்தின் மீதும் போட்டார். நட்டஈட்டுக்காகச் சிங்களக் கிராமங்களில் பணம் அறவிடும் சட்டத்தையும் எதிர்த்தார். இழந்தவனுக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அவரிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை. எமது மூத்தோர் அவரை மன்னிக்காததில் நியாயம் இருக்கிறது.

நானும் இவ்வளவோடுதான் நிறுத்தி வைத்திருந்தேன், 2019 வரை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் எமது வீடுகளுக்குள் வந்தன. கொடியவர்கள் செய்த கொலைக்கு, அதில் சம்பந்தமே இல்லாத பலர் உள்ளே போனார்கள். மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வழக்கில்லாமல் இருந்தார்கள். அந்த நாட்களில்தான் இராமநாதனின் 1915 வாதம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. குற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருவனைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தியே தண்டிக்க வேண்டும், அச்சத்தைக் காரணம் காட்டி ஓர் இனத்தையே தண்டிக்க முடியாது என்ற நிலைப்பாட்டை அவர் எம்மைத் தாக்கிய கூட்டத்தின் இனத்துக்காக எடுத்தார். எமக்காக அதை எடுக்க 2019இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை பெரிதாக இருக்கவில்லை.

ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறக் காரணமாகிவிடக் கூடாது என்று சூரா அல்மாயிதாவின் 8ஆவது வசனம் எம்மைப் பணிக்கிறது. ஜும்ஆ பயான்களில் இதைக் கேட்கிறோம். ஆனால் மாற்றுக் கட்சிக்காரர் ஊருக்குக் கொண்டு வந்த பாடசாலைக் கட்டடத்தைத் திறக்கும்போது அவர் பெயரைச் சொல்ல எமக்கு வாய் வருவதில்லை. இது ஊரில் நடப்பதுதான். யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை.

நீதியாக எழுதுவதென்றால் குறையையும் எழுத வேண்டும். டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை என்றபோது இராமநாதன் அதை எதிர்த்தார். பெரும்பான்மை ஆட்சியில் சிறுபான்மையினர் நசுக்கப்படுவர் என்ற அவரது அச்சம் பின்னர் மெய்யானது. ஆனால் கூலிக்காரனும் பெண்ணும் தாழ்த்தப்பட்டவனும் வாக்களிப்பதை விரும்பாத மேட்டுக்குடி மனமும் அந்த எதிர்ப்பில் இருந்தது. அச்சத்துக்கு மதிப்பெண் கொடுப்பேன், அந்த மனத்துக்குக் கொடுக்க மாட்டேன். 1930 நவம்பர் 26இல் அவர் காலமானார். அடுத்த வருடம் சர்வஜன வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது.

1921இல் அவர் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி 1974இல் பல்கலைக்கழக வளாகமாகியது. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதுவே. எனது மகள் அங்கேதான் பட்டம் பெற்றாள். அவளைச் சேர்க்கப் போன நாளில், வளாகத்துக்குள் அவர் கட்டிய சிவன் கோயிலைத் தாண்டி, எமது ஊர்ப் பிள்ளைகள் ஹபாயாவோடும் தொப்பியோடும் விரிவுரைக்குப் போவதைப் பார்த்தேன். வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லி அவரோடு கொஞ்சம் தர்க்கம் பண்ணியிருப்பேன்.