நாணலிலிருந்து கரும்பு: டி. எஸ். வெங்கட்ராமன்

ஆக்லாந்து நகரின் தென்பகுதியில் உள்ள பாபடோயிட்டோய், டோயிட்டோய் என்ற உயரமான புல்லின் பெயரால் மாவோரி மொழியில் அழைக்கப்படும் ஊராகும். ஃபிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று அங்கே வாழ்கின்றனர். 1903ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் கப்பலேறிச் சென்றவர்களில் தமிழர்களும் இருந்தனர்.

அந்தத் தலைமுறை ஃபிஜியில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, கரும்பின் இயல்பை மாற்றும் பணி கோயம்புத்தூரில் ஆரம்பமானது. அதிலும் முக்கியப் பங்கு ஒரு காட்டுப் புல்லுக்குத்தான்.

அப்போது வட இந்திய விவசாயிகள் பயிரிட்டு வந்தது நாணல் போன்று மெலிந்த கரும்பு. குளிரைத் தாங்கும்; ஆனால் விளைச்சல் குறைவு. தெற்கின் பருத்த, சாறு மிகுந்த கரும்போ பஞ்சாபின் உறைபனியிலும் கோடை வறட்சியிலும் நிலைக்காது. இதற்கிடையே ஜாவாவிலிருந்து சர்க்கரை வந்து குவிந்துகொண்டிருந்தது.

1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. கரும்பு அங்கே நன்கு பூத்து விதை பிடிக்கும் என்பதே அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். அதன் தலைவராக இருந்தவர் சார்லஸ் பார்பர். 1884ஆம் ஆண்டு பிறந்த திருவடி சாம்பசிவ வெங்கட்ராமன் அவருடன் இணைந்து பணியாற்றி, பின்னர் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றார்.

ஆற்றங்கரைகளில் தானாக வளரும் நாணலில் இனிப்பு மிகக் குறைவு. உழவர்களுக்கு அது களை. அந்த நாணலின் மகரந்தத்தை வெள்ளை எனப்படும் பருத்த கரும்புடன் சேர்த்ததில் கிடைத்ததே 1918ஆம் ஆண்டு வெளியான கோ 205. பஞ்சாபில் இது உள்ளூர் கரும்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு விளைந்தது. பார்பரின் பங்கை மறைத்து இதனை ஒருவரின் சாதனையாக மட்டும் கூறுவது நியாயமாகாது.

ஆனால் நாணலின் உறுதியோடு அதன் சக்கையும் வந்து சேர்ந்தது. எனவே கலப்பினங்களை மீண்டும் மீண்டும் இனிப்புக் கரும்புடன் கலந்து, உறுதி குன்றாமல் சர்க்கரையை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. வெங்கட்ராமனின் நீண்டகால உழைப்பு பெரும்பாலும் இதிலேயே கழிந்தது. கோ 281, கோ 290 ஆகிய ரகங்கள் கடல் கடந்து அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலும் பயிராயின. கரும்பைச் சோளத்துடனும், மூங்கிலுடனும்கூட அவர் கலந்து பார்த்தார்.

1932ஆம் ஆண்டு சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு அளிக்கப்பட்டதும், சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் ஆலைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஜாவா சர்க்கரையின் வரத்து பெரிதும் குறைந்தது. சுங்கவரி மட்டும் இருந்து, வடக்கில் விளையும் நல்ல கரும்பு இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

நாணலில் இருந்தது என்ன என்பதை அறியும் வசதி அக்காலத்தில் இல்லை. உறைபனி ஏற்படும்போது உயிரணுவிலுள்ள நீர் வெளியேறுவதால், தாவரத்தைப் பொறுத்தவரை கடுங்குளிரும் ஒருவகை வறட்சியே. இவ்விரண்டுக்கும் எதிரான தற்காப்பை முடுக்கிவிடும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் 1990களின் பிற்பகுதியில்தான் அடையாளம் காணப்பட்டன. இன்றைய கரும்பு ரகங்களின் குரோமோசோம்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் நாணலிலிருந்து வந்தவை.

1942ஆம் ஆண்டு வெங்கட்ராமனுக்கு சர் பட்டமும், 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும் வழங்கப்பட்டன. அவர் 1963ஆம் ஆண்டு காலமானார். கோயம்புத்தூர் நிலையத்தின் விஞ்ஞானிகள், கரும்பின் உறவுடைய மற்றொரு காட்டுப் புல்லான எரியாந்தஸிலிருந்து அத்தகைய மரபணு ஒன்றைக் கரும்புக்குள் செலுத்தி, அது வறட்சியைக் கூடுதலாகத் தாங்குவதாக 2015ஆம் ஆண்டு அறிவித்தனர்.