டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

மதுரைமாநகர் பெண்ணரசு போற்றிய நகர். அங்கயற்கண்ணியை நகரின் அரசியாகக் கொண்டு ஆண்டுதோறும் முடிசூட்டு விழா எடுப்பதும், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இராணி மங்கம்மாள் நாயக்கர் நாட்டைப் பேரனுக்காக ஆண்டு காத்ததும் யாவரும் அறிந்தன. ஆயினும் அரியணையில் ஒரு பெண் அமர்ந்தமையால், வயலில் நாற்று நட்ட பெண்களுக்கு எழுத்தறிவு வந்ததில்லை. ஊர்ச்சபையில் அவர்தம் சொல் ஏறியதுமில்லை. ஒருத்தி உயர்வது வேறு. பெண்ணினம் உயர்வது வேறு. தாம் உயர்ந்த ஒவ்வொரு படியையும் பிற பெண்டிர்க்கும் உரியதாக்க உழைத்தவர், மதுரைக்கு வடகிழக்கே புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். மகப்பேற்று உதவித் திட்டமொன்றின் பெயரால் நம் சிற்றூர் மகளிரும் அவரை அறிவர். அவர் வரலாற்றை அறிந்தார் சிலரே.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையிற் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசியர் மரபில் வந்தவர். பருவமெய்திய பெண் பள்ளி செல்லாத அக்காலத்தில், அம்மையார் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் ஆடவரே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டினார். பெண் என்பதும் தாயின் குலமும் தடைகளாகக் காட்டப்பட்டன. புதுக்கோட்டை மன்னர் அத்தடைகளைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். 1907-இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இற் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தபோது, தம்மைச் சமமாக மதித்து நடத்தல் வேண்டுமென்பதையே நிபந்தனையாக வைத்தார்.

சட்டசபைப் பணி

1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டே சரோஜினி தேவியார் தலைமையில் மகளிர் குழுவொன்று இந்திய மந்திரி மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கோரிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாகாணங்களின் முடிவிற்கே விட்டது. 1921-இற் சென்னை மாகாணம் ஏனைய மாகாணங்களுக்கு முன்னதாக மகளிர்க்கு வாக்களித்தது. எனினும் சொத்தும் வரியும் உடையார்க்கே அவ்வுரிமை கிட்டியமையின், அதனைப் பெற்ற பெண்டிர் மிகச் சிலரே.

1926-இற் சட்டசபையில் மகளிர் அமர்தற்கிருந்த தடை நீங்கியது. அம்மையார் அச்சபைக்கு நியமனம் பெற்று, 1927-இல் அதன் துணைத்தலைவராக ஒருமனதாகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். வாக்கினால் வந்திலரேனும், வாக்கில்லாதார்க்காகவே அங்குப் பேசினார்.

அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதாகும். இவ்வழக்கம் நிலத்தோடு பிணைந்திருந்தது. கோயில் இனாம் நிலத்தை நுகர்ந்த குடும்பம், பணி செய்ய ஒரு பெண்ணை விடாவிடின் நிலத்தை இழக்க நேரும். அம்மையார் இம்முடிச்சையே முதலில் அவிழ்த்தார். 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், கோயிற் பணியினின்று அந்நிலத்தை விடுவித்து, அப்பெண்டிர்க்கே உரிமையாக்க வழி செய்தது. தேவதாசியர் சிலர், தம் கலையும் பிழைப்பும் அழியுமென்று அம்மையாரை எதிர்த்து மனுக்கொடுத்தனர். அவர்தம் அச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், தானே தெரிந்துகொள்ள இயலாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்வைப் பிறர் முடிவு செய்தல் தகாதென்பதில் அம்மையார் அசைந்திலர்.

1930-இற் காந்தியடிகள் சிறைப்பட்டதும் அம்மையார் தம் பதவியைத் துறந்தார். அக்காலத்தே, அம்மரபிற் பிறந்த சில சிறுமியர்க்கு மாணவியர் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டது. அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. பொட்டுக்கட்டுதலை முற்றும் விலக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று.

வாக்குரிமை

1933-இல் அம்மையார், ராஜகுமாரி அம்ருத கௌர், ஹமீது அலி அம்மையார் ஆகிய மூவரும் இலண்டனிற் பாராளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் கூறினர். வயது வந்தோர் யாவர்க்கும் வாக்கு வேண்டும் என்பதும், கணவனது சொத்தைக் கொண்டு மனைவிக்கு வாக்களித்தல் கூடாதென்பதும் மாதர் சங்கங்களின் கோரிக்கைகளாம். அவ்வாறு பெறும் வாக்கு பெண்ணின் உரிமையாகாது. அவள் திருமணத்தின் நிழலேயாகும். இருந்தும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிழலையே பெரிதும் தந்தது.

அக்கோரிக்கையின் பொருளை 1951–52-இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தல் விளக்கிற்று. அரசியற் சட்டம் யாவர்க்கும் வாக்களித்தும், வடநாட்டிற் பல பெண்டிர் தம் பெயரைக் கூறாது, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிவு செய்தனர். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் இதனால் வாக்காளர் பட்டியலில் இடமிழந்தனர். உரிமை வந்தும் பெயர் வரவில்லை. வாக்கும் கல்வியும் இணைபிரியாதன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடிவுரை

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், பல்லாண்டு முயன்று 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 1956-இற் பத்மபூஷண் விருது பெற்றார். 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஒரு பெண்ணைக் கல்லூரியிற் சேர்க்கலாமோ என்று புதுக்கோட்டை வாதிட்டு அரை நூற்றாண்டு நிறையுமுன், 1948-இல் மதுரையில் மகளிர்க்கெனவே லேடி டோக் கல்லூரி எழுந்தது. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களிற் பாதி சட்டப்படி பெண்டிர்க்குரியன. எனினும் மனைவி தலைவியாயிருக்கக் கணவன் நாற்காலியில் அமரும் ஊர்கள் இன்றுமுள. ஆகலின் அம்மையார் பணி முடிந்ததென்று நாம் கூறுதற்கில்லை. தமக்கு ஈயப்பட்ட தாலந்தை மண்ணிற் புதையாது பன்மடங்காக்கியவர் அவர். கல்லூரிக் கல்வி என்னும் தாலந்தைப் பெற்ற நாம், அதனைக் கொண்டு நம் ஊரில் எத்தனை பெண்டிர் தம் பெயரைத் தாமே எழுதவும், தம் சொல்லைத் தாமே சொல்லவும் வழிசெய்தோம் என்பதே நாம் கொடுக்கவேண்டிய கணக்காகும்.