எல்.கே.ஜி.யில் இருக்கும் அந்த ‘கே.ஜி.’ யார் வைத்த பெயர்?

எல்.கே.ஜி. அட்மிஷனுக்காக அலையும் பெற்றோரிடம் ‘கே.ஜி.’ன்னா என்னன்னு கேட்டுப் பாருங்க. கிண்டர்கார்டன் என்பார்கள். அது ஜெர்மன் வார்த்தை, குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். 1840-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல். அவருடைய தோட்டத்தில் மூணு வயசுப் பிள்ளைக்கு ஹோம்வொர்க் நோட்டு கிடையாது. நூல் பந்து, மரக்கட்டை, வண்ணக் காகிதம், களிமண், இவைதான் பாடம்.

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் 1782-ல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயசு முடிவதற்குள் அம்மா இறந்துவிட்டார். பிறகு வந்த மாற்றாந்தாய் அவரைக் கண்டுகொள்ளவில்லை. வனத்துறைப் பயிற்சியில் சேர்ந்தார், படிக்கப் போன யேனா பல்கலைக்கழகத்தில் கடனுக்காகச் சில வாரம் சிறையில் இருந்தார், கட்டடக்கலை படிக்க ஃப்ராங்க்ஃபர்ட் போய் அங்கே ஆசிரியரானார். எதிலும் நிலைக்காத ஆள் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும்.

திருப்பம் வந்தது கல்லில் இருந்து. நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் போய்த் திரும்பியவருக்கு, பெர்லினில் கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை. படிகங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒன்று பிடிபட்டது. எவ்வளவு சிக்கலான படிகமும் எளிய வடிவத்தில் இருந்து, ஒரு ஒழுங்கோடுதான் வளர்கிறது. குழந்தையின் மனசும் அப்படித்தானே என்று நினைத்தார்.

1837-ல் பிளாங்கன்பர்க்கில் அதைச் செய்து பார்க்கத் தொடங்கினார். முதலில் கைக்கு அடக்கமான ஆறு நிற நூல் பந்துகள். அடுத்து மரத்தில் உருண்டை, உருளை, கனசதுரம். அப்புறம் அந்தக் கனசதுரமே எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும். அதை வைத்து நாற்காலி செய்யலாம், மாடிப்படி செய்யலாம், நட்சத்திரக் கோலம் மாதிரி அடுக்கலாம். கட்டைக்குப் பிறகு தட்டையான பலகைத் துண்டுகள், பிறகு குச்சிகள், கடைசியில் விதைகள். அதாவது கனம், பரப்பு, கோடு, புள்ளி.

இப்போ திரும்பி வரணும். காகிதத்தில் ஊசியால் புள்ளி குத்துவது, கட்டம் போட்ட சிலேட்டில் வரைவது, காகிதப் பட்டைகளைப் பாய் மாதிரிப் பின்னுவது, மடிப்பது, வெட்டுவது. கடைசியில் களிமண். இதைச் சொல்லிக்கொடுக்க இளம்பெண்களுக்குப் பயிற்சி தந்தார். பெண்களை ஆசிரியராக ஏற்க யோசித்த காலம் அது.

1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோஷலிசமும் வளர்க்கிறதாம்! அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய பிரசுரத்தை இவருடையது என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். ஆள் வேறு என்று விளக்கியும் பலனில்லை. அடுத்த ஆண்டே, 70 வயதில் இறந்தார். தடை நீங்கியது 1860-ல்.

அதற்குள் கிண்டர்கார்டன் கடல் தாண்டிவிட்டது. 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்தக் கட்டைகளைப் பார்த்த ஒரு அம்மா, மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். மகன் பெயர் ஃப்ராங்க் லாய்ட் ரைட். அமெரிக்காவின் பெரிய கட்டடக் கலைஞரான பிறகும், அந்த மரக்கட்டைகளைத் தன் விரல்கள் மறக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.

குறையும் உண்டு. பின்னால் வந்த சிலர், டீச்சர் சொல்லும் வரிசையில் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி மடிக்கணும் என்று இதை டிரில் ஆக்கிவிட்டார்கள். ஃப்ரோபெல் வகுத்த படிகளும் அதற்கு இடம் கொடுத்தன, மறுக்க முடியாது.

ஷ்வைனா என்ற ஊரில் அவர் கல்லறை மேல் ஒரு கனசதுரம், அதன் மேல் உருளை, உச்சியில் ஓர் உருண்டை வைத்திருக்கிறார்கள்.