தமிழே தெரியாது, ஆனா 'மீரா' எடுத்தார்! எம்.எஸ். முகத்துக்கு வெளிச்சம் தேடிய எல்லிஸ் ஆர். டங்கன் யார்?

'மீரா' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடும் குளோசப் காட்சிகளைப் பார்த்திருக்கீங்களா? 1945ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இன்னைக்குப் பார்த்தாலும் அந்த முகத்தை விட்டுக் கண் நகராது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு அமெரிக்கரும், ஒரு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையும் இருக்கிறது.

அந்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909 மே 11ல் ஒஹாயோ மாநிலத்தின் பார்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர். கலிபோர்னியாவில் சினிமா படித்தபோது உடன் படித்தவர் மாணிக் லால் டாண்டன். அவர் கூப்பிட்டதால் 1935ல் இந்தியா வந்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தார். கடைசியில் 15 வருஷம் தங்கிவிட்டார்.

முதல் படம் 1936ல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர்., டி.எஸ்.பாலையா இருவருக்கும் அதுவே முதல் படம். அடுத்த ஆண்டு தியாகராஜ பாகவதரை வைத்து 'அம்பிகாபதி'. பிறகு 1940ல் எம்.எஸ்., ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்த 'சகுந்தலை'. இத்தனை எடுத்தும் மனுஷன் தமிழ் கத்துக்கவே இல்லை. வசனம் புரியாதவருக்கு முகமும் நிழலும்தானே மொழி?

அப்போது பல தமிழ்ப் படங்கள் நாடக மேடையை அப்படியே பிடித்த மாதிரி இருந்தன. நேர் எதிரே கேமரா, நேர் எதிரே விளக்கு. எல்லாம் பளிச்சென்று தெரியும், ஆனால் முகம் தட்டையாகிவிடும். மூக்கின் நிழல், கன்னத்தின் வளைவு எதுவும் இருக்காது. விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் முகத்தில் ஒரு பாதி ஒளி, மறு பாதி இருட்டு. பின்னாலிருந்து இன்னொரு விளக்கு விழுந்தால் தலைமுடியின் ஓரம் மின்னி, ஆள் பின்னணியிலிருந்து தனியாகத் தெரிவார். கேட்க சுலபம். யார் முகத்துக்கு எந்தக் கோணம் பொருந்தும் என்பதுதான் கஷ்டம்.

'மீரா'வில் அந்தக் கஷ்டம் இரட்டிப்பு. படம் முழுக்கப் பாட்டு. எம்.எஸ். முதலில் பாடகி, பிறகுதான் நடிகை. பக்தியில் கரைந்து பாடும்போது கையை வீசி நடிக்க முடியாது, முகம்தான் எல்லாம். தயாரிப்பாளர் அவருடைய கணவர் டி.சதாசிவம். போர்க்காலம் வேறு. ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. தப்பா எடுத்துட்டு, திரும்பத் திரும்ப எடுத்துக்கலாம் என்ற நிலைமை இல்லை.

டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் ஒரு வேலை செய்தார்கள். எம்.எஸ்.ஸின் தலை, தோள் அளவுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு சிலை செய்ய வைத்தார்கள். விளக்குகளை இடம் மாற்றி, உயரம் மாற்றி, கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் சிலையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எந்த ஒளியில், எந்தக் கோணத்தில் அந்த முகம் அழகாக, உருக்கமாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டார்கள். பிடித்துப்போன அமைப்புகளைப் படப்பிடிப்பில் நிஜ முகத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் ஒரு நடிகையை மணிக்கணக்கில் நிற்கவைத்துப் பரிசோதிக்க முடியாது. சிலைக்கு வேர்க்காது, கால் வலிக்காது. செல்போனில் போர்ட்ரெய்ட் எடுக்கப் பழகுபவர்களும் இதைச் செய்யலாம்: இருட்டு அறை, மேஜை மேல் ஒரு பொம்மைத் தலை, கையில் ஒரு டார்ச். அரை மணி நேரம் சுற்றி வந்தாலே வித்தியாசம் தெரிஞ்சிடும்.

1945 தீபாவளிக்கு 'மீரா' வெளியானது. 1947ல் இந்தியிலும் வந்து, சரோஜினி நாயுடுவின் அறிமுக உரையோடு வட இந்தியாவுக்கும் எம்.எஸ்.ஸைக் கொண்டுபோனது. அதன் பிறகு அவர் சினிமாவில் நடிக்கவே இல்லை. அதனால் நடிகை எம்.எஸ். என்றால் பலருக்கும் இன்றும் நினைவில் வருவது, சிலையை வைத்துக் கண்டுபிடித்த அந்த வெளிச்சத்தில் நிற்கும் முகம்தான்.

டங்கன் 1950ல் 'பொன்முடி' எடுத்தார். அதன் காதல் காட்சிகள் அப்போது கடுமையான விமர்சனத்துக்கு ஆளாகின. அதே ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில், கருணாநிதி வசனத்தில், எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி'. அது முடியும் முன்பே அமெரிக்கா கிளம்பிவிட, மீதியை டி.ஆர்.சுந்தரம் முடித்தார். பிறகு மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியேறி ஆவணப்படங்கள் எடுத்தார். 1990களில் ஒருமுறை சென்னை வந்து பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டுப் போனார். 2001 டிசம்பர் 1ல், 92 வயதில், வீலிங்கில் காலமானார்.